வாய்தாவின் மகிமை

தவளக்குப்பத்துப் பக்கம் மொத்தமாக நகைக்கு ஆர்டர் கொடுக்கும் வியாபாரிகள், பட்டறைக்காரர் குறித்துத் தரும் தேதியைப் பொய் என்று தூஷிப்பது பெரும் அபசாரம். வைகாசி முகூர்த்தத்துக்கு ஐம்பது ஜோடி ஜிமிக்கி கேட்டால், முதலில் அட்சய திருதியை நெருக்கடி, பிறகு 2021இல் சட்டம் கட்டாயமாக்கிய ஹால்மார்க் முத்திரை, அதன்பின் மெருகு, அதற்கும் பின் பத்தரின் மைத்துனர் வீட்டுக் காதுகுத்து என்று படிப்படியாக ஆடியைத் தொட்டு, ஆடியில் யார் நகை வாங்குவார்கள் என்று வியாபாரியின் க்ஷேமத்தையே உத்தேசித்து ஆவணிக்கு ஒத்திவைக்கும் காருண்யம் வேறெந்தத் தொழிலில் உண்டு? “திருகு மட்டுந்தான் பாக்கி, முதலாளி, நாளைக்குக் கட்டாயம்!” தட்டில் ஐம்பது ஜோடியும் திருகில்லாமல் ஜொலிக்கின்றன.

அருகிலுள்ள அரிக்கமேட்டில் ரோமாபுரி வாணிபத்துக்கு மணி செய்தவர்களோ, பருவக்காற்றிடம் வாய்தா கேட்கும் சாமர்த்தியமற்ற அப்பாவிகள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழ்ந்த அந்த மேட்டில், துளையிடாத, மெருகேறாத அரைகுறை மணிகளும் கிடைத்திருக்கின்றன. பாரம்பரியம் சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழையது. ஆகவே வியாபாரிகள் தேதியோடு வருஷத்தையும் எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.