கை வைக்காத என்ஜின்

பழைய டீசல் கார் விற்பவர் வாங்க வந்தவரிடம் முதலில் சொல்வது, "என்ஜின்ல இன்னும் கை வைக்கல சார்." டயர், ஏ.சி., பெயின்ட் பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். நாற்பது வருடங்களுக்கு முன் திண்டுக்கல் டாக்ஸி ஸ்டாண்டில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அங்கே நின்ற டீசல் அம்பாசிடர்களில் கை வைக்காத என்ஜின் என்று ஒன்று கிடையாது. சில வண்டிகளில் மூன்று முறைகூடப் பிரித்திருப்பார்கள். ஆனாலும், "அந்தக் காலத்து என்ஜின் மாதிரி இப்ப எங்க வருது" என்று இன்று ஏங்குகிறவர்கள் பலர். அந்தக் காலத்து என்ஜினோடு வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

என் பெரியப்பாவுடையது டீசல் அம்பாசிடர். 1980 வாக்கில்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தக் காரில் டீசல் என்ஜினை வைத்து விற்கத் தொடங்கியது. 1,489 சி.சி., வெறும் 37 குதிரைத்திறன். இன்றைய சின்ன காரில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். அந்த 37 குதிரைகளை நம்பித்தான் ஏழெட்டுப் பேரையும் கேரியர் நிறைய மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலை ஏறினார். கார்த்திகையில் மாலை போட்டவர்களைச் சபரிமலைக்குக் கூட்டிப் போனார். தைப்பூசத்துக்குப் பழனி. பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக டீசலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. டீசல் விலை அவ்வளவு மலிவு.

அவர் அந்த என்ஜினைப் பார்த்துக்கொண்ட விதத்தை இன்று நினைத்தாலும் மரியாதை வருகிறது. விடிந்ததும் பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். அளவு மட்டுமல்ல, விரலில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். பிசுபிசுப்பு போயிருந்தால் அன்றைக்கே ஆயில் மாற்றம். ஒவ்வொரு மாற்றத்தையும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் நாற்பது பக்க நோட்டில் கிலோமீட்டரோடு எழுதி வைப்பார். மூவாயிரத்தைத் தாண்ட விட்டதில்லை. கேனில் வாங்கும் டீசலைத் துணி கட்டிய புனல் வழியாகத்தான் ஊற்றுவார். ரேடியேட்டருக்கு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. திண்டுக்கல் நிலத்தடி நீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஆத்தூர் அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வார். உப்பு நீர் ஊற்றிய ரேடியேட்டரின் குழல்களில் வெள்ளையாகப் படிவு கட்டும். அது கட்டினால் மலையில் என்ஜின் சூடேறும். சூடேறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. ஆனால் இந்தத் தொடர் சங்கிலி அவருக்கு மனப்பாடம்.

இவ்வளவு செய்தும், லட்சம் கிலோமீட்டரை ஒட்டி வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். பின்னால் நீலப்புகை வரும். திருச்சி சாலையில் இருந்த மெக்கானிக் பாயின் பட்டறைக்கு வண்டி போகும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை உருவி, விரல் நகத்தால் சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பைத் தடவிப் பார்ப்பார் பாய். நகம் தட்டினால் தேய்மானம் முற்றிவிட்டது என்று பொருள். பிளாக் லேத்துக்குப் போகும். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங், வால்வ் கிரைண்டிங். "அண்ணே, பிளாக் இன்னும் ரெண்டு போர் தாங்கும், பயப்படாதீங்க" என்பார். கடைசி அளவும் தீர்ந்தபின் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். வண்டி திரும்பி வந்ததும் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டி, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் சில வாரம் ஓட்டுவார். அந்த எழுத்தோடு போன அம்பாசிடர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் பின்னால் நகர்ந்த பஸ் டிரைவர்களின் பொறுமையும் நினைவிருக்கும்.

ஆக, அந்த என்ஜின் அழியாமல் இருந்தது உண்மைதான். அழியாமல் இருந்தது இரும்பு பிளாக்கும் கிராங்கும். உள்ளே உரசும் பாகங்கள் எல்லாம் மாறிக்கொண்டே இருந்தன. உலகத்தில் அதிகம் ஓடிய டீசல் கார்களில் ஒன்று என்று பெயர்பெற்றது ஒரு கிரேக்க டாக்ஸி. 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி. 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004ல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதுவும் ஒரே என்ஜினில் ஓடியதில்லை, மாற்றி மாற்றிப் பொருத்திய என்ஜின்களில் ஓடியது. இதைச் சொல்வதால் அந்த ஓட்டுநரின் பெருமை குறையாது, பெரியப்பாவின் பெருமையும் குறையாது. பிரித்துச் சேர்க்க முடிகிற என்ஜினும், அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளும் பக்கத்துத் தெருவிலேயே இருந்ததுதான் அன்றைய ஆயுளின் ரகசியம்.

டீசல் என்ஜினுக்கு இயல்பாகவே ஒரு வலு உண்டு. அன்றைய பெட்ரோல் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் எட்டு, ஒன்பது மடங்கு அழுத்தப்பட்டால் போதும், பிளக்கின் தீப்பொறி மீதியைப் பார்த்துக்கொள்ளும். டீசலில் தீப்பொறி இல்லை. காற்றை மட்டும், அன்றைய கணக்கில், இருபது மடங்குக்கும் மேல் நசுக்கி, ஐநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதற்குள் டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த அடியைத் தாங்க பிளாக், கிராங்க், கனெக்டிங் ராட் எல்லாம் கனமாக வார்க்கப்பட்டாக வேண்டும். கனமாக இருப்பதால் மெதுவாகச் சுழலும், மெதுவாகச் சுழல்வதால் தேய்மானம் குறையும். டீசலுக்கே கொஞ்சம் எண்ணெய்ப் பசை உண்டு. பெட்ரோலைப் போல அது சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடாது. காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை பெரியப்பா காத்திருந்து, ஸ்டார்ட் ஆனதும் உடனே கிளப்பாமல் நிற்க விடுவார். குளிர்ந்த ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர அவர் கொடுத்த நேரம் அது.

பிறகு எல்லாம் வேகமாக மாறிவிட்டது. 1998ல் இண்டிகா வந்தது. டாக்ஸி ஸ்டாண்டுகளின் முகமே வேறாகியது. 2002ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஆக்சென்ட் சி.ஆர்.டி.ஐ. வந்தது, 2007ல் ஸ்விஃப்ட் டீசல். 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோனது.

இன்று நான் ஓட்டுவது 1.3 லிட்டர் காமன் ரெயில் டீசல் கார். பெரியப்பாவின் வண்டியைவிடச் சின்ன என்ஜின், இரண்டு மடங்கு சக்தி. மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஹெட்டைக் கழற்றியதில்லை, பிஸ்டனை யாரும் பார்த்ததில்லை. டிராவல்ஸ்காரர்களிடம் ஐந்து லட்சம் தாண்டிய இன்னோவாக்கள் இருப்பது ஊருக்கே தெரியும். அதாவது, அந்தக் காலத்தில் மூன்று தடவை பிரித்துச் சேர்த்து ஓட்டிய தூரத்தை இன்றைய என்ஜின் ஒரு தடவைகூடத் திறக்காமல் ஓடிக் கடக்கிறது. ஏங்க வேண்டியது பழைய என்ஜினுக்காக இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

காரணம் இரும்பு மட்டும் இல்லை. எரிபொருளும் ஆயிலும் மாறிவிட்டன. 1990களின் தொடக்கத்தில் நம் பங்கில் கிடைத்த டீசலில் கந்தகம் ஒரு சதவீதம்வரை, அதாவது பத்து லட்சத்தில் பத்தாயிரம் பங்குவரை இருக்கலாம் என்பது விதி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 டீசலில் அது வெறும் பத்துப் பங்கு. கந்தகம் எரிந்தால் அமிலமாகும், அமிலம் ஆயிலில் கலந்து பேரிங்கை அரிக்கும். மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெரியப்பா ஆயில் மாற்றியதற்கும், இன்று பத்தாயிரம்வரை போக முடிவதற்கும் நடுவில் இருக்கும் காரணங்களில் இந்தக் கந்தகமும் ஒன்று.

பாய் இப்போது இல்லை. அவர் மகன் அதே பட்டறையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். அவரிடம் வந்து சாகும் டீசல் என்ஜின்கள் எதனால் சாகின்றன என்று கேட்டேன். "அண்ணே, ஓடித் தேஞ்சு போன என்ஜின் எங்கிட்ட வர்றதே இல்ல. ஆயில் மாத்தாம வந்ததுதான், கூலன்ட் இல்லாம ஓட்டினதுதான், பெல்ட் அறுந்ததுதான்" என்றார். கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரும் சொல்லிக்கொண்டே போனார். பழைய நாசில் 120, 150 பார் அழுத்தத்தில் திறந்தது. இன்றைய இன்ஜெக்டர் 1,600 பாரில் வேலை செய்கிறது, இன்னும் புதியவை 2,000 பாரில். அதன் உள்ளிடைவெளி மைக்ரான் கணக்கு. துணி கட்டிய புனலில் வடிகட்டி அதைக் காப்பாற்ற முடியாது. டீசல் ஃபில்டரைக் காலத்தில் மாற்ற வேண்டும், அதன் அடியில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பம்பைத் துருவேற்றினால் உலோகத் தூள் நான்கு இன்ஜெக்டருக்கும் போகும். டர்போ நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் சுற்றுவரை சுழல்கிறது. அதைத் தாங்குவது ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்திய உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடான டர்போவுக்குள் ஆயில் கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். பெரியப்பா மலை இறங்கியதும் செய்தது இதையேதான், அவர் வண்டியில் டர்போ இல்லாதபோதும்.

அன்றைய என்ஜின் மன்னித்தது. அலட்சியம் செய்தால் புகை தள்ளிக்கொண்டு, ஆயில் குடித்துக்கொண்டு, எப்படியோ ஊர் கொண்டுவந்து சேர்த்துவிடும். இன்றைய என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, ஒருநாள் ஒரு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அந்த விளக்குக்கு முன் பல மாதங்களாக யாரும் பானெட்டைத் திறந்திருக்க மாட்டார்கள். ஆயில் குச்சி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கார் ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரியப்பாவின் நோட்டும் இந்த என்ஜினும் ஒரே காலத்தில் இருந்திருந்தால் பத்து லட்சம் ஓடியிருக்கும் என்றுகூட நினைப்பதுண்டு.

பி.எஸ்.6 வண்டிகளில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. சைலன்சர் வழியில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் ஃபில்டர். அது நிறைந்ததும் அறுநூறு டிகிரி சூட்டில் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி இடைவிடாமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் ஓட்டத்தில் அது நடக்காது. பாதியில் நின்றால், எரிக்கப் பீச்சிய டீசல் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு டீசல் கார் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த ஃபில்டரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மலையேறும்போது அம்பாசிடர் விட்ட கரும்புகைக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வந்தவர்களின் நுரையீரலும் அந்த ஆயுளுக்கு விலை கொடுத்தது. 2012ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்திவிட்டது. நெடுநாள் ஓடும் என்ஜின் சுத்தமாகவும் ஓட வேண்டும்.

வேதனை வேறு இடத்தில் இருக்கிறது. என்ஜின் இவ்வளவு காலம் உழைக்கக் கற்றுக்கொண்ட நேரத்தில், கார் அதற்கு முன்பே கைவிடப்படுகிறது. தில்லியில் பத்து வருடம் கடந்த டீசல் கார் ஓடக் கூடாது என்று 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிறகு தளர்வுகள் வந்தாலும், பயம் இங்கேயும் பரவிவிட்டது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி வயது வரம்பு இல்லை. பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். இது தெரியாமலேயே நல்ல என்ஜினோடு வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியின் சந்தை விலை குறைந்துவிட்டதால், நான்கு இன்ஜெக்டர் மாற்றும் செலவைப் பார்த்துப் பயந்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்ஜெக்டரை மாற்றாமல் பழுது நீக்கித் தரும் கடைகள் மதுரையிலும் கோவையிலும் இருக்கின்றன. விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு: காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காத வெண்புகை என்றால் கூலன்ட் உள்ளே போவதாகச் சந்தேகப்படுங்கள். என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள், அங்கிருந்து புகை குபுகுபுவென்று தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் மற்றதும் அப்படித்தான் பராமரிக்கப்பட்டிருக்கும். மீட்டரில் இரண்டரை லட்சம் காட்டினால் பயப்படாதீர்கள். ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். அவை வரிசையாக இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் மீட்டரில் அறுபதாயிரமே காட்டினாலும் வேண்டாம்.