ஒற்றை ஜிமிக்கிக் கோட்பாடு: பழைய கவரிங் நகைக் கூறு பற்றி ஓர் ஆராய்ச்சி

சந்தையில் நல்ல கத்தரிக்காய் எடையில் விற்கும். சொத்தை கலந்தது, அந்தி சாய்ந்ததும், சாக்கின் மேல் கூறாக உட்காரும். இந்தக் காட்சியிலிருந்து தொடங்காத நகை ஆராய்ச்சி எதுவும் அடித்தளம் இல்லாதது என்பது என் துணிபு. ரேட் உள்ள பண்டம் தனியே நிற்கும், ரேட் இல்லாதது கூட்டத்தோடுதான் நிற்கும். தங்கத்துக்குத் தினமும் காலையில் ரேட் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் வேறு. கவரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிதம்பரத்திலிருந்து புதிதாக வந்த நாளில் அதற்கும் ஒரு விலை இருந்தது. பீரோவில் பல வருஷம் கிடந்து, ஓரம் கறுத்து, கல் உதிர்ந்து, திருகாணியும் தொலைந்தபின் மிஞ்சுவது வயது மட்டுமே. வயதை விலையாக்குவதற்கு வியாபாரிகள் கண்ட மந்திரம் ‘ஆன்டிக்’. அந்த மந்திரத்துக்கும் மசியாதது கூறுக்கு வருகிறது.

இந்த ஆய்வுக்குத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான களம் கிடையாது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையோரம் விரிப்பில் பாசிமணியும் வளையலும் குவிகின்றன; அதே குவியல் இப்போது கைபேசித் திரையில் ‘இருபது பீஸ் காம்போ’ என்று மறுபிறவி எடுக்கிறது. படத்தை ஊன்றிப் பாருங்கள். நடுவில் பளபளவென்று ஒரு அட்டிகை, சுற்றிலும் சுமாரான நாலைந்து வளையல், ஓரத்தில் பாதி மறைந்தபடி ஜோடியில்லாத ஒரு ஜிமிக்கி. அட்டிகை மணப்பெண், வளையல்கள் தோழிகள். அந்த ஜிமிக்கி யார் வீட்டு உறவு என்று எவருக்கும் தெரியாது, ஆனாலும் பந்தியில் இலை போட்டாகிவிட்டது. கூறு என்ற நிறுவனமே அந்த ஜிமிக்கிக்காகத்தான் தோன்றியது என்பதே இக்கட்டுரையின் கோட்பாடு.

பிரித்து ஒவ்வொன்றாக விற்றால் கூடுதலாகக் கிடைக்காதா என்பது முதல் மறுப்பு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963-லேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது சினிமாப் படங்களை மொத்தமாகத் தலையில் கட்டும் வழக்கத்தை. அந்தக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஒரு கல்லூரி மாணவி ஜிமிக்கிக்கு 80 ரூபாய் தருவாள், ஒட்டியாணத்துக்கு 30-க்கு மேல் தரமாட்டாள். பரதம் ஆடும் பெண்ணுக்கு ஒட்டியாணம் 80, ஜிமிக்கி 30. கையில் இரண்டிரண்டு இருக்கிறது என்று கொள்வோம். தனித்தனியே 80 சொன்னால் ஆளுக்கொன்று போய் 160 வரும், பாதிச் சரக்கு தங்கிவிடும். சேர்த்து 110 என்றால் இருவருமே வாங்குவார்கள்: 220. தவிர, முப்பது ரூபாய்த் தோட்டுக்கு அறுபது ரூபாய் கூரியர் கொடுக்க யாருக்கும் மனம் வராது. இருபது பீஸ் ஒரே கவரில் போனால் அந்த அறுபது, தலைக்கு மூன்று ரூபாயாகக் கரைந்துவிடுகிறது.

பொறுக்கி எடுக்கவாவது விடலாமே என்பார்கள். விட்டால் முதலில் வருபவர் அட்டிகையோடு போய்விடுவார். மிச்சத்தைத் திரும்பிப் பார்க்க ஆள் இராது. இது ஏழை வியாபாரியின் தந்திரம் என்று இளக்காரமாக எண்ண வேண்டாம். டி பீர்ஸ் நிறுவனம் பட்டை தீட்டாத வைரத்தை இப்படித்தான் விற்றுவந்தது. ஆண்டுக்குப் பத்து முறை, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும், ஆளுக்கொரு பெட்டி. எடுத்தால் முழுப் பெட்டி, இல்லையேல் வெறுங்கை. திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியே ஆண்டுக்குப் பன்னிரண்டு, சில ஆண்டு பதின்மூன்று, அழைப்பும் வேண்டியதில்லை. இந்த வகையில் நம் விரிப்புக் கடை முன்னேறிய அமைப்பு.

ஆகாததை நல்லதோடு சேர்த்துத் தள்ளுவது ஏமாற்று இல்லையா என்ற மூன்றாவது மறுப்புதான் கனமானது. கறுப்பை மறைத்துப் படம் எடுத்தால் ஏமாற்றுதான். கோட்பாடு அதற்கு வக்காலத்து வாங்காது. ஆனால் ஜிமிக்கி ஒற்றை என்பது படத்திலேயே தெரிகிறது. தெரிந்தும் வாங்குபவர் என்ன செய்கிறார்? அட்டிகையை எடுத்துக்கொள்கிறார், வளையலை அக்கா மகளுக்குத் தருகிறார், ஜிமிக்கியை எறிய மனமில்லாமல் டப்பாவில் போடுகிறார். டப்பா நிறைந்ததும் அவரும் ஒரு படம் எடுத்து ‘இருபது பீஸ் காம்போ’ போடுகிறார். இப்படிக் கை மாறி மாறி, ஒரு காதிலும் ஏறாமல், ஜிமிக்கி புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. சுற்றி முடித்த புண்ணியம் அதற்கு உண்டா என்பது ஆகமம் அறிந்தவர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். ஆய்வாளரை உறுத்தும் கேள்வி வேறு: இதன் ஜோடியும் இன்னொரு கூறில் இதே வேகத்தில் இதே திசையில் சுற்றிக்கொண்டிருந்தால், இரண்டும் எப்படிச் சந்திக்கும்?