வெப்சைட் முதலாளி

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் வெப்சைட்டும் வைத்திருப்பவர் யார் என்று விசாரிக்கவே வேண்டாம். டீக்கடையில் போனை எடுத்து நம் மூக்குக்கு நேரே நீட்டுபவர்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து இவரைப் பிடிக்க முடியவில்லை. "பழத்துக்கே குறியீடு வந்துருச்சு, நமக்கு ஒரு வெப்சைட் வேணாமா?"

செய்து கொடுப்பது இன்ஜினியரிங் படித்த அக்கா மகன். "மாப்ள, காசப் பத்திக் கவலப்படாத" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். தரப்போவதில்லை என்று பையனுக்கும் புரிந்துவிட்டது.

பேரன் காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்த ஃபைலையே முகப்புக்கும் கொடுத்தார். குலதெய்வம், தாத்தா, அப்பா, கைகூப்பிய நிலையில் இவர், மொட்டைத்தலைப் பேரன் என்று வரிசையாக இறங்கிப் போனால் திராட்சை வரும். வருவதற்குள் நாதஸ்வரம் முழங்கும். அதை அணைக்கும் பொத்தானைத் தேடும்போது, "எங்கள் தளம் எப்படி?" என்று ஒரு பெட்டி குதித்து வந்து பழத்தை மறைக்கும். இன்னும் எதையுமே பார்க்கவில்லையே ஐயா!

பையனும் சும்மா இருக்கவில்லை.

"மாமா, போன்ல பக்கம் திறக்க மூணு செகண்டுக்கு மேல ஆனா பாதிப்பேருக்கு மேல போயிர்றாய்ங்கன்னு கூகுளே 2016-ல சொல்லியிருக்கு. இந்த போட்டோவக் கொஞ்சம் சுருக்குவோம்."

"சுருக்குனா அப்பா சின்னதாயிருவாருடா. மூணு செகண்டு நிக்காதவன் பாக்கியை எப்பத் தருவான்? போகட்டும் விடு."

"ஓடுற எழுத்து அஞ்சு செகண்டத் தாண்டுனா, பாக்குறவங்க அத நிறுத்த வழி வைக்கணும் மாமா. உலகம் பூரா அதான் வழிமுறை."

"முல்லைப் பெரியாறு ஓடுது. அத நிறுத்துறியா?"

மஞ்சளில் வெள்ளை எழுத்து கண்ணுக்குத் தெரியாது, இரண்டுக்கும் நாலரைக்கு ஒன்று என்ற அளவிலாவது வேறுபாடு வேண்டும் என்றான். மஞ்சள் மங்களம் என்று பதில் வந்தது. கடைசியாக, படிப்பவர் கண் மேல்வரியிலும் இடது ஓரத்திலும்தான் அதிகம் மேயும் என்று வெப்சைட் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதியதைச் சொன்னான். முதலாளி முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப தாத்தாவ அங்க வை."

'எங்களைப் பற்றி' பக்கத்தையும் படிக்க வேண்டும். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லும் வரலாற்றில் அது தொடங்குகிறது. இரண்டே வாக்கியத்தில், பாதிரியார் நேராக வந்து தாத்தா கையில் குச்சியைக் கொடுத்ததுபோல் முடிகிறது. அடியில் வருகையாளர் எண்ணிக்கை. ஒன்றில் ஆரம்பித்தால் ஒருத்தனும் மதிக்கமாட்டான் என்று மொய்க்கணக்கில் 25,001-லிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். அதற்கு மேல் ஏறியதில் பெரும்பங்கு அவர் விரலே.

வேடிக்கை என்னவென்றால், தோட்டத்தில் இந்த ஆளே வேறு. கோட்டயத்து வியாபாரி வண்டியை நிறுத்தினால், குனிந்து பந்தலுக்குள் கூட்டிப்போவார். இலையை விலக்கிக் குலையைக் காட்டுவார். பழத்தின் மேல் படிந்த வெண்சாம்பல் கலைந்துவிடும் என்று விரல் வைக்க விடமாட்டார். குலையைக் காம்பைப் பிடித்துத் திருப்புவார். தின்று பார்க்க நாலு பழத்தைத் தாமே கிள்ளித் தருவார். விலை என்ன, எத்தனை பெட்டி தேறும், ஏற்றுக்கூலி யார் தலையில் என்பதெல்லாம் வியாபாரி வாயைத் துடைப்பதற்குள் சொல்லியாகிவிடும். அங்கே நாதஸ்வரம் கிடையாது. தாத்தாவும் குறுக்கே வருவதில்லை.

அந்தப் பந்தலை அப்படியே பக்கமாக்கினால் போதும் என்று பையன் ஒருநாள் கெஞ்சினான். முதலில் பழம், பக்கத்தில் இன்றைய விலை, அடுத்து போன் நம்பர். "இவ்வளவுதானா? அதுக்கு எதுக்கு வெப்சைட்டு?" என்று கேட்டுவிட்டார்.

நம்பர் இப்போதும் அடியில்தான் இருக்கிறது. அதுவும் படமாக, எத்தனை முறை தொட்டாலும் அழைப்பு போகாது. பழம் வேண்டுமென்றால், கம்பத்தில் பஸ் ஏறி ஊரில் இறங்கிக் கேளுங்கள். எந்தக் கடையிலும் அவர் நம்பர் உண்டு.