கியர் வண்டியும் கறிவேப்பிலையும்

தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆக்கினார்கள், மறுவருடமே 60. வீட்டம்மாவின் ஓய்வு வயது குறித்த அரசாணை மட்டும் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது போலும்.

காலை ஆறரைக்கு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் நின்று பாருங்கள். அமெரிக்க மகன்கள் ஆன்லைனில் ஆர்டர் போட்ட 21 கியர் சைக்கிள்கள், பென்ஷன்காரர்களைச் சுமந்து ஊர்ந்துபோகும். கோயிலைச் சுற்றிய வீதிகளோ கேரம் பலகை மாதிரி சமதளம். மேடு வேண்டுமென்றால் காவிரி தாண்டி மலைக்கோட்டைக்குப் போகலாம். ஆனால் அங்கே படிக்கட்டு. ஆகவே இருபது கியர்கள் வாங்கிய மெருகு குலையாமல் இருக்கின்றன. அவையும் ரிட்டயர்டு.

"ஏன்னா, சும்மாதானே சுத்தறேள்? அப்படியே தோசை மாவும் கறிவேப்பிலையும் வாங்கிண்டு வந்துடுங்கோ."

இந்த நவீன வண்டியில் கேரியர் கிடையாது. அம்பத்தூரில் 1949-இல் பிறந்த டிஐ சைக்கிள்ஸின் பழைய ஹெர்குலிஸ் என்றால் பின்னால் அரிசி மூட்டை ஏறும், மனைவி ஏறுவாள், பாரில் பிள்ளையும் உட்காரும். இதிலோ மாவுப் பை ஹேண்டில்பாரில் தொங்கி, ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலை விசாரிக்கிறது.

கைக்கடிகாரம் வேறு எல்லாவற்றையும் கடல் தாண்டி ஒப்பித்துவிடுகிறது. இரவு போன் வரும்.

"என்னப்பா, அம்மா மண்டபம் பக்கத்துல ஒரே இடத்துல முக்கால் மணி நேரம் நின்னிருக்கே?"

"டிராஃபிக்டா" என்கிறார், பில்டர் காபி மீசையைத் துடைத்தபடி.