மேலிடத்துக்கு மூன்று நாள் பயிற்சி

கடல் ஏறினாலும் புயல் அடித்தாலும் குளம் உடைந்தாலும், தண்ணீர் வடிந்த கையோடு மேலே இருப்பவர்களுக்கு ஒரே ஞானம்தான் பிறக்கிறது: கீழே இருப்பவர்களுக்குப் பயிற்சி போதாது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லையா, அங்கன்வாடி டீச்சரைக் கூப்பிடு. தேடும் வேலை பிந்தியதா, கிராமச் செவிலியரைக் கூப்பிடு. முகாமில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லையா, இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடு. மதியம் பிரியாணி உண்டு.

கூப்பிடும் இடம் நாகர்கோவிலில் ஓர் ஏசி ஹால். வாசலில் பேனர்: ‘பேரிடர்க் காலக் குழந்தைப் பாதுகாப்பு: முன்களப் பணியாளர் திறன் மேம்பாட்டுப் பயிலரங்கு’. அதில் ஒரு குழந்தை சிரிக்கும். எந்த நாட்டுக் குழந்தையோ, நம்ம ஊர் வெயிலில் அந்த நிறம் ஒரு நாள் தாங்காது. நீரோடியிலிருந்தும் வள்ளவிளையிலிருந்தும் விடியுமுன் கிளம்பி, பஸ் மாறி மாறி வந்துசேரும் பெண்களுக்கு ஒரு பை, ஒரு நோட்டு, எழுதாத ஒரு பேனா. பிறகு ‘ஐஸ் பிரேக்கர்’. ஒவ்வொருவரும் தன் பெயரோடு ஒரு பழத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வருடக்கணக்காகச் சோறூட்டி, எடை போட்டு, மூக்குத் துடைத்துவிட்டவள் எழுந்து நின்று, தான் ஓர் அன்னாசி என்று அறிவிப்பாள். கைதட்டல். போட்டோ.

அடுத்து பவர்பாயிண்ட். ‘குழந்தையோடு பேசும்போது அதன் கண்மட்டத்துக்குக் குனியவும்.’ வேலை நேரமெல்லாம் பிள்ளைகளோடு தரையில் கிடப்பவளுக்கு இதைச் சொல்லித்தருபவர், மேடையில் போட்ட குஷன் நாற்காலியிலிருந்து சொல்கிறார்.

பாடத்தில் கோளாறு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு எல்லாவற்றையும் மூன்று சொல்லில் அடக்குகிறது: பார், கேள், இணை. ஆபத்து எங்கே என்று பார். சொல்வதைக் கேள். வேண்டிய உதவியோடு இணைத்துவிடு. நெருக்கடிக் காலங்களில் குழந்தைகளைக் காப்பதற்கென்று 2012இல் உலகளாவிய குறைந்தபட்சத் தரநிலைகள் வந்தன. 2019இல் திருத்தி 28 ஆக்கினார்கள். நல்ல புத்தகங்கள், யாரும் வாசிக்கலாம். அவற்றை யாருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

2017 நவம்பர் 30ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒக்கி அன்றைக்குத்தான் புயலாகிப் பெயர் சூட்டிக்கொண்டது. கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை முந்தின நாள் கரைக்கு வந்தது. கரையில் நின்றவர்களுக்கு அது பயன்பட்டிருக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் நாள்கணக்காக ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிப்பவர்கள். அவர்கள் போய் எத்தனையோ நாளாகியிருந்தது. ஏற்கெனவே கடலில் கிடப்பவனைக் கடலுக்குப் போகாதே என்று கரையில் நின்று எச்சரித்த அரசாங்கம் நம்முடையது. அந்த வாக்கியமேனும் அவன் காதுக்கு எட்ட ஒரு கருவி கொடுத்திருக்கவில்லை. ஆட்கள் எந்தத் திசையில் கிடப்பார்கள் என்று கரையிலிருந்த மீனவர்கள் சொன்னார்கள். சொல்லிப் பார்த்துவிட்டுத் தங்கள் படகுகளிலேயே தேடப் போனார்கள். டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கில் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பிரதமர் குமரிக்கு வந்தது 19ஆம் தேதி.

பிறகு, காணாமல் போனவர்கள் பட்டியல் சண்டை. அரசாங்கத்திடம் ஒரு கணக்கு, பங்குத்தந்தைகள் வீடுவீடாக எடுத்தது வேறொரு கணக்கு. சில படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறியிருந்தன. அதனால் ஒவ்வொரு சேதிக்கும் ஒவ்வொரு வீட்டில் புதிதாக உலை ஏறியது. குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் வரவில்லை. அங்கன்வாடியில் ஒரு பிள்ளை, “டீச்சரே, அப்பா எப்ப வரும்?” என்று கேட்டால் பொய் சொல்லக் கூடாது, வீண் நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்கிறது கையேடு. சரி. உண்மையை எங்கே போய் வாங்குவது? காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் ஏழு ஆண்டு கேட்கிறது. அந்த விதியைத் தளர்த்த வைப்பதற்குத்தான் அத்தனை மனு, அத்தனை நடை, அத்தனை அழுகை. இதற்கெல்லாம் பிறகு பயிற்சி தேவைப்பட்டது யாருக்கு என்றால், அந்த டீச்சருக்காம்.

அதனால் ஒரு யோசனை, செலவும் குறைவு. அடுத்த பயிற்சியை மேலிடத்துக்கு வைப்போம். துறைச் செயலாளர்கள், மாவட்ட அதிகாரிகள், வானிலைக்காரர்கள், கடலோரக் காவல் படை, வழவழ தாளில் ஆண்டறிக்கை அடிக்கும் அமைப்புகளின் இயக்குநர்கள் எல்லாரும் வரட்டும். இடம்: சின்னத்துறைப் பக்கம் ஓர் அங்கன்வாடி. நாற்காலி கிடையாது. கருத்தாளர்: அங்கன்வாடி டீச்சர். ஐஸ் பிரேக்கர் உண்டு: பெயரோடு ஒரு மீனின் பெயர். எல்லாரும் சுறா என்பார்கள். ஒருவருக்கு மேல் அனுமதியில்லை, மிச்சப்பேர் சாளை.

முதல் நாள், பார். வகுப்பு இரவு ஒன்பது மணிக்கு, புயல் முகாமாக்கிய ஒரு பள்ளிக்கூடத்தில். ஒவ்வோர் அதிகாரியும் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். வழியில் பல்பு இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மதிலோரம் குடித்துவிட்டு இரண்டு பேர். இதற்குப் பெயர்தான் குழந்தைப் பாதுகாப்பு. போக்சோ சட்டம் 2012இல் வந்தது, குற்றம் நடந்தபின் கூண்டில் ஏற்ற. அதற்கு முந்தைய நிமிடத்துக்கு வேண்டியது பல்பும் தாழ்ப்பாளும்தான். முகாமில் படுத்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும், டீச்சருக்கும் தெரியும். ஆனால் பல்பு வாங்க அவளுக்கு அதிகாரம் இல்லை. கோடிக்கணக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவருக்கு அந்த வழி இருட்டு என்பதே தெரியாது. பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பல்பு வாங்கும் அதிகாரத்தை மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாள், கேள். காலையில் படம் வரைதல், சுனாமிக் காலத்து வழக்கப்படி. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. குளச்சலையும் கொட்டில்பாட்டையும் கீழமணக்குடியையும் கடல் வாரியது. மாவட்டத்தில் செத்தவர்கள் எண்ணூறு பேர் அளவில். அதற்குப்பின் ஜீப்ஜீப்பாக வந்தார்கள் உபகாரிகள். பிள்ளைகள் கையில் கிரேயான் கொடுத்து, ‘அலையை வரை கண்ணு’ என்றார்கள். திங்கள் ஓர் அமைப்பு, செவ்வாய் இன்னோர் அமைப்பு. கறுப்பும் நீலமும் தீர்ந்துபோயின, மஞ்சள் மிஞ்சியது. இப்படி ஒரு தடவை வந்து துக்கத்தைக் கிளறிவிட்டுப் போகாதீர்கள் என்று சர்வதேச வழிகாட்டுதல் அச்சில் வந்தது 2007இல். எனவே நம் பயிற்சிக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் தன் வாழ்வின் மிக மோசமான நாளை ஒன்பது தடவை வரைய வேண்டும். நல்ல படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வரும், பெயர் போட மாட்டோம். மதியம் முழுக்க ஊர்ப் பெண்கள் பேசுவார்கள். குறுக்கே பேசக் கூடாது. ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று யாராவது வாய் திறந்தால் டீச்சர் சொல்வாள்: “சாரே, கையக் கட்டி வாயப் பொத்துங்க.”

மூன்றாம் நாள், இணை. காலையில் 1098. பத்து, ஒன்பது, எட்டு என்று பிள்ளைகளுக்கு மனப்பாடமான உதவி எண். 1996இல் மும்பையில் தொடங்கி, தொண்டு நிறுவனங்கள் இருபத்தேழு வருடம் நடத்தியது. 2023இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்து அவசர எண் 112ஓடு சேர்த்தது. ராத்திரி இரண்டு மணிக்கும் எந்தச் சந்துக்குள் எந்த வீடு என்று தெரிந்த பழைய ஆட்களில் பலர் வேலை இழந்தார்கள். பயிற்சி பெற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பயிற்சி போதாது என்று பயிலரங்கு கூட்டுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அதையும் மேலிடம் எந்தப் பயிலரங்கிலும் கற்கவில்லை, பிறவியிலேயே இருக்கிறது.

மதியம் களப்பயிற்சி. வேலை ஒன்றே ஒன்று. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பிள்ளைக்கு, அப்பா இல்லை என்று ஒரு தாள் வாங்கி வர வேண்டும். கார் கிடையாது, பஸ்தான். பதவியைச் சொல்லக் கூடாது. சேலை கட்டிய ஒரு விதவை போலக் கவுண்டருக்கு வெளியே நிற்க வேண்டும். இல்லை, விதவை என்றும் சொல்லிக்கொள்ளக் கூடாது, அதற்கும் தாள் இல்லை. விஏஓ ஆர்ஐயிடம் அனுப்புவார். ஆர்ஐ தாசில்தாரிடம் அனுப்புவார். தாசில்தார் காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் நகல் கேட்பார். காவல் நிலையத்தில் மீன்வளத்துறைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பார்கள். பட்டியலில் இனிஷியல் தப்பாக இருக்கும். அதற்குள் அலுவலகம் மூடும். மறுநாள் வரச் சொல்வார்கள், மறுநாள் சனிக்கிழமையாக இருக்கும்.

சாயந்திரம் நிறைவு விழா. தேறியவர்கள் தேறாதவர்கள் என்ற பாகுபாடு இல்லை, வந்த எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு. விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வோம். ஆனால் சான்றிதழ் கைக்கு வர ஏழு ஆண்டு ஆகும், விதி அப்படி. தளர்த்தச் சொல்லிக் கேட்கிறவர்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு வரலாம். தண்டவாளத்தில் இடம் இருக்கிறது.