நாலடுக்குப் பச்சைப் பொய்: ஒரு செய்முறை

மார்ச் 17 நெருங்கும்போது அமெரிக்க அலுவலகங்களின் சமையலறைச் சுவரில் ஒரு தாள் முளைக்கும். புனித பேட்ரிக் தின விருந்து, ஆளுக்கொரு பதார்த்தம், ‘பச்சையாக இருந்தால் சிறப்பு’ என்று அடியில் ஒரு குறிப்பு. முந்திக்கொண்டவர்கள் காகிதத் தட்டு, சிப்ஸ், ஐஸ் கட்டி என்று எழுதிவிட்டுத் தப்பியிருப்பார்கள். பிந்தி வந்தவருக்கு மிச்சமிருப்பது ‘இனிப்பு’ என்ற ஒரு வரிதான். இந்த வழிகாட்டி அந்த ஜீவனுக்காக எழுதப்பட்டது.

பச்சை என்றதும் மனம் கீரை மசியலுக்கும் புதினாச் சாதத்துக்கும் ஓடும். அடக்கிக்கொள்ளுங்கள். அன்றைய பச்சைக்கும் செடிகொடிக்கும் ஒட்டுறவு கிடையாது. பீர் பச்சை, பேகல் பச்சை, தொப்பி பச்சை. மெக்டொனால்ட்ஸ் 1970 முதல் ‘ஷாம்ராக் ஷேக்’ என்று ஒரு பச்சைப் பானம் விற்கிறது. சிகாகோவில் ஆற்றுக்கே சாயம் போடுகிறார்கள். 1962இல் தொடங்கிய இந்தத் திருப்பணி, குழாய்த் தொழிலாளர் சங்கத்தின் கைங்கரியம். யார் வீட்டுக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று துப்புத் துலக்க வைத்திருந்த சாயத்தைப் பார்த்து உதித்த யோசனை அது. முதல் வருடம் 100 பவுண்டு கொட்டினார்கள். ஆறு ஒரு வாரம் பச்சையாகவே கிடந்தது. பிறகு அளவைக் குறைத்துக்கொண்டார்கள். இன்றைக்குத் தூவும் பொடியோ கையில் இருக்கும்வரை ஆரஞ்சு நிறம், தண்ணீரில் விழுந்தபின்தான் பச்சை. ஆற்றுக்கே இந்தக் கதி என்றால், இனிப்பில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நாம் செய்யப்போவது பிஸ்தா அடுக்கு. அமெரிக்க மாமியார்கள் பல பத்தாண்டுகளாகக் கண்ணாடித் தட்டில் செய்து தேவாலய விருந்துகளுக்குச் சுமந்துபோன பதார்த்தம். வருடம் முழுக்க அதற்கு வேறு வேறு பெயர்கள் உண்டு. மார்ச் மாதத்தில் மட்டும் பெயருக்கு முன்னால் ‘ஐரிஷ்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். செய்முறையில் மாற்றம் எதுவும் தேவையில்லை.

முதல் விதி: விவரம் தெரிந்தவரை அண்டவிடாதீர்கள்

அயர்லாந்திலேயே பிறந்து வளர்ந்தவர் யாராவது அலுவலகத்தில் இருந்தால், விருந்து முடியும்வரை அவரிடம் சமையல் பேச்சு எடுக்காதீர்கள். அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

அன்றைக்கு அமெரிக்கர்கள் பயபக்தியோடு சாப்பிடும் கார்ன்ட் பீஃப், நியூயார்க்கில் குடியேறிய ஐரிஷ்காரர்கள் யூதர்களின் இறைச்சிக் கடைகளில் வாங்கிப் பழகியது என்பார். சொந்த ஊரில் முட்டைக்கோஸோடு வெந்தது உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி. ஊர்வலம் நியூயார்க்கில் 1762இலேயே நடந்தாயிற்று. டப்ளினில் அரசாங்கம் ஊர்வலம் எடுத்தது 1931இல்தான். குடித்துக் கொண்டாடும் நாள் என்று அமெரிக்கா நினைக்க, அயர்லாந்தில் அன்றைக்கு மதுக்கடைகளை மூடவேண்டும் என்று 1927இல் சட்டமே போட்டார்கள்.

சரி, நிறமாவது தேறுமா? 1783இல் புனித பேட்ரிக் பெயரில் பிரபுக்களுக்கான விருது ஒன்றை ஏற்படுத்தியபோது அதற்குக் கொடுத்த நிறம் நீலம். பச்சை ஓங்கியது 1798இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்தவர்களால். பேட்ரிக்கும் உள்ளூர்க்காரர் அல்ல. ஐந்தாம் நூற்றாண்டில், ரோமானியர் ஆண்டுவிட்டுப் போன பிரிட்டனைச் சேர்ந்தவர். பதினாறு வயது வாக்கில் கொள்ளையரால் கடத்தப்பட்டு, அயர்லாந்தில் அடிமையாக ஆடு மேய்த்து, தப்பி ஊர் போய், பிற்பாடு ஆயராகத் திரும்பி வந்தவர்.

இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டால் கரண்டி பிடிக்கக் கை வராது. ஆகவே கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கலாம்.

தேவையான பொருட்கள் (சுமார் 20 பேருக்கு)

மைதா – 1 கப்
வெண்ணெய் – 113 கிராம் (அமெரிக்கக் கணக்கில் ஒரு ஸ்டிக்)
பொடித்த பீகான் அல்லது வால்நட் – அரை கப்
கிரீம் சீஸ் – 226 கிராம்
பொடித்த சர்க்கரை – 1 கப்
கூல் விப் – பெரிய டப்பா ஒன்று (சுமார் 450 கிராம்)
பிஸ்தா இன்ஸ்டன்ட் புட்டிங் பொடி – 96 கிராம் பொட்டலம் இரண்டு
குளிர்ந்த பால் – 3 கப்
உடைத்த பிஸ்தா – மேலே தூவ ஒரு கைப்பிடி
அயர்லாந்து – தேவையில்லை

அடுக்கு 1: தரை

மைதா, வெண்ணெய், பருப்புப்பொடி மூன்றையும் விரல் நுனியால் பிசிறி, 9க்கு 13 அங்குலத் தட்டில் பரப்பி அழுத்துங்கள். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 175 செல்சியஸில், ஓரம் லேசாகச் சிவக்கும்வரை 15 முதல் 20 நிமிடம் சுடவேண்டும். பிறகு ஆறவிட வேண்டும். ஆறிவிட்டதா என்று கடிகாரத்தைக் கேட்காதீர்கள், தட்டின் அடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடுத்ததை ஏற்றினால் நாலடுக்கும் ஒன்றாக உருகிப் பாயசமாகும்.

இந்த இடத்தில் மட்டும் உண்மைக்கு ஒரு சின்ன வாசல் உண்டு. கெர்ரிகோல்ட் வெண்ணெய் வாங்கினால், சிகாகோ ஆறு முதன்முதலாகப் பச்சையான அதே 1962இல் சந்தைக்கு வந்த, அசல் அயர்லாந்துச் சரக்கு உங்கள் தட்டில் சேரும். ஆனால் அது மஞ்சள். அதுவும் வெளிர்மஞ்சள் இல்லை, நல்ல அழுத்தமான மஞ்சள். அயர்லாந்து மாடுகள் வருடத்தில் பெரும்பகுதி வெளியே மேய்கின்றன. புல்லில் உள்ள பீட்டா கரோட்டின் பால் கொழுப்பில் தங்கி வெண்ணெயை மஞ்சளாக்குகிறது. ஆகமொத்தம் அயர்லாந்தின் பச்சை முழுவதும் இந்த மஞ்சளுக்குள்தான் இருக்கிறது. அதை யாரும் பார்க்காதபடி அடியில் போட்டு மூடப்போகிறோம். செலவு ஜாஸ்தி என்றால் சாதா வெண்ணெய் போதும்; விருந்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அடுக்கு 2: வெள்ளை

கிரீம் சீஸை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள். ஜில்லென்று இருக்கும்போது அடித்தால் கட்டி தட்டும். அப்புறம் எவ்வளவு அடித்தாலும் கரையாது. இளகியதும் சர்க்கரை சேர்த்து அடித்து, ஒரு கப் கூல் விப்பைக் கலந்து, ஆறிய தரைமேல் பரப்புங்கள். தரை பெயர்ந்துகொண்டு வந்தால், ஒரே இடத்தில் கொட்டாமல் கரண்டி கரண்டியாக ஆங்காங்கே வைத்து, பிறகு நிரவுங்கள்.

கிரீம் சீஸ் பெட்டியில் ‘ஃபிலடெல்ஃபியா’ என்று எழுதியிருந்தால், அந்தப் பெயரை ஃபிலடெல்ஃபியா நகரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். அது பிறந்து வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தில். நல்ல பாலுக்குப் பேர்போன ஊர் என்று 1880இல் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆக, ‘ஐரிஷ்’ என்று பொய் சொல்லும் இனிப்புக்கு ஏற்ற கூட்டாளிதான்.

அடுக்கு 3: பச்சை

விருந்தின் மானம் இந்த அடுக்கில் இருக்கிறது. இரண்டு பொட்டலம் புட்டிங் பொடியைக் குளிர்ந்த பாலில் கொட்டி இரண்டு நிமிடம் அடியுங்கள். பொட்டலத்துக்கு இரண்டு கப் பால் என்று உறைமேல் போட்டிருக்கும், நம்பாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து மூன்று கப்பே விட்டால்தான் கத்தி போட்டு வெட்டும் பதம் வரும். அடுப்பு இல்லாமலே இறுகும். ஏற்கெனவே வேகவைத்து உலர்த்திய மாவும், பால் புரதத்தைக் கெட்டியாக்கும் பாஸ்பேட் உப்பும் அதில் இருப்பதால் இந்த வித்தை நடக்கிறது. உடம்புக்கு நல்லதென்று பாதாம் பாலோ சோயாப் பாலோ விட்டால் அதில் அந்தப் புரதம் இருக்காது; பச்சை ரசம்தான் கிடைக்கும்.

பச்சை பிஸ்தாவிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பூரிக்க வேண்டாம். மஞ்சள் சாயம் டார்ட்ரசினும் பிரில்லியன்ட் ப்ளூ என்ற நீலச் சாயமும் சேர்ந்து செய்யும் காரியம் அது. பிஸ்தாவை நீங்களே அரைத்துப் பாலில் காய்ச்சிச் செய்தால் ருசி அபாரமாக இருக்கும். நிறமோ பழுப்பு கலந்த பாசி நிறம். கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் ஒதுக்கிவிடுவார்கள். உண்மையான பிஸ்தாவுக்கு இந்தத் தட்டில் மேலே தூவும் வேலை மட்டும்தான்.

அடுக்கு 4: மேகம்

மிச்சமுள்ள கூல் விப்பை மேலே போர்த்துங்கள். 1966இல் கிரீமே இல்லாத கிரீமாக வந்து அமெரிக்காவை வென்ற சரக்கு இது. பின்னாளில் மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, கொஞ்சம் கிரீம் சேர்த்தார்கள். ஃப்ரீஸரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, கரண்டியின் முதுகால் அலை அலையாகத் தடவி, பிஸ்தா தூவி, குறைந்தது நான்கு மணி நேரம் குளிரவையுங்கள். முதல்நாள் இரவே செய்து வைப்பது உத்தமம்.

ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்கு

*ஜெல்லி போடலாமா?* போடலாம், ஆபத்துகளைத் தெரிந்துகொண்டு. ஜெல்லோ 1897இல் நியூயார்க் மாநிலத்து லீராய் என்ற ஊரில், இருமல் மருந்து விற்ற ஒரு தச்சர் கண்டுபிடித்தது. எலுமிச்சைப் பச்சை வந்தது 1930இல். ஜெலட்டின் மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பு வகையறா. சைவர்கள் உண்டென்றால் சைனா கிராஸ் போடுங்கள். அறை வெப்பத்திலேயே உறையும். ஜெலட்டினில் பச்சைக்காகப் பச்சைக் கிவியை நறுக்கிப் போடும் யோசனை எல்லோருக்கும் வரும். கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றிலும் புரதத்தை அறுக்கும் நொதி உண்டு; விடிய விடிய வைத்தாலும் உறையாது. டப்பா அன்னாசி சூட்டில் வெந்தது, சாது.

*கொடி நிறத்தில் அடுக்கலாமா?* வேண்டவே வேண்டாம். 1848இல் தாமஸ் ஃப்ரான்சிஸ் மார் அறிமுகப்படுத்திய அயர்லாந்துக் கொடி பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. மூன்றும் நின்ற பட்டைகள். இனிப்பில் அடுக்கு படுத்துத்தான் கிடக்கும். பச்சையை அடியில் வைத்தால் இந்தியக் கொடி. நடுவில் அழகுக்காக ஓர் ஆரஞ்சுச் சுளையை வட்டமாக வைத்தால் நைஜர் நாட்டுக் கொடி. கண்ணாடித் தம்ளரைச் சாய்த்து வைத்து நின்ற பட்டையாகவே உறையவைத்துச் சாதித்தாலும், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஐவரி கோஸ்ட். ஒரு பதார்த்தத்தால் இத்தனை தூதரகங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

*இலை அலங்காரம்?* மூன்று இலை மட்டும். கடையில் நான்கு இலை அச்சுதான் முதலில் கண்ணில் படும், அது அதிர்ஷ்டத்துக்கானது. பேட்ரிக் மூவொரு கடவுளை விளக்க ஷாம்ராக்கைக் கையில் எடுத்தார் என்பது மரபு. நான்காவது இலையை வைத்தால் அதில் யாரை உட்காரவைப்பது என்று பங்குத்தந்தை கேட்பார்.

பந்தியில்

தட்டின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். இல்லையேல் தட்டை மறந்துவிட வேண்டியதுதான். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டினால் அடுக்கு கலையாது. முதல் துண்டு எப்படியும் உடையும். அதை மேலாளருக்கு வைக்காதீர்கள்.

‘இது உங்கள் ஊரில் செய்வதா?’ என்று ஒருவர் கேட்பார். ‘இல்லை’ என்று சொன்னால் போதும். ‘அப்படியானால் அயர்லாந்தில் செய்வதா?’ என்று இன்னொருவர் கேட்டால், வாய் நிறைய இனிப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அசல் அயர்லாந்துக்காரரும் வருவார். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். ஒரு கரண்டி, பிறகு ஒரு துண்டு, பிறகு ஓரத்துத் துண்டு. என்ன இது என்று அவர் கேட்கமாட்டார். பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஊர் நினைப்பில் செய்யும் எதையும் கேள்வி கேட்காமல் தின்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. அடித்தட்டில் நல்ல வெண்ணெய் போட்டிருந்தால், கண்டுபிடிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

மிச்சப் பொடிக்கு வழி

மார்ச் 18 அன்று பச்சைச் சாமான்கள் பாதி விலைக்குத் தள்ளப்படும். ஆசைப்பட்டு நிறைய வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். இதே அடுக்கில் மூன்றாவதை மட்டும் மாற்றினால் போதும்: எலுமிச்சைப் புட்டிங் போட்டால் ஈஸ்டர், பூசணிப் புட்டிங் போட்டால் நன்றி நவிலும் நாள், சாக்லேட் போட்டால் யார் பிறந்தநாளுக்கும் ஆகும். பிஸ்தாப் பொட்டலங்களை மட்டும் டிசம்பர்வரை பத்திரப்படுத்துங்கள். கிறிஸ்துமஸுக்கும் பச்சைதான் நிறம். மேலே நாலு செர்ரி வைத்துவிட்டு, வடதுருவத்துப் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கிருந்து வந்து மறுப்பவர் எவருமில்லை.