சீனக்குடாவில் ஒரு மௌன விரதம்

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்தபோதும் பெரும்பாலும் நிலைபெயராது நின்ற திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் அயலில், இக்காலத்துத் தாங்கியொன்றின் மட்டமளக்கும் கருவியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இரண்டே செப்புக் கம்பிகளின் வழியே சம்பாஷிக்க மறுத்துவிட்டால், உத்தியோகஸ்தர்கள் படும் அவஸ்தை சொல்லுந்தரமன்று. இத்தகைய கருவிகளின் சம்பாஷணைக்கென 1979 இல் மொடிகொன் நிறுவனத்தார் வகுத்த மொட்பஸ் விதி, நமது கந்தோர்களை நெடுநாள் அவதானித்தே எழுதப்பட்டதோ என்று எனக்கொரு சந்தேகம்: கேட்டாலன்றிக் கருவி வாய் திறவாது, கேள்வியின் ஈற்றிலுள்ள சரிபார்ப்பு எண் பிசகினால், பிசகிற்று என்று அறிவிக்கும் தாட்சணியமுமின்றி மௌனம் சாதிக்கும், பூச்சிய முகவரிக்கு விடுத்த கட்டளையையோ, சுற்றறிக்கையைப் போல, சகலரும் பெற்றுக்கொள்வர், ஒருவரும் மறுமொழி தாரார்.

ஒரு கம்பனி ‘ஏ’ என்று பொறித்த முனையை மற்றொரு கம்பனி ‘பி’ என்று பொறிப்பது இத்துறையில் பிரசித்தம். ஆகையால் இரு கம்பிகளையும் மாற்றிப் பூட்டிப் பார்ப்பதே முதற் சிகிச்சை. அதனால் பொதுவாகக் கருவிக்குச் சேதமில்லை, பூட்டியவரின் கௌரவத்துக்கு மட்டுமே சிறிது சேதம். பின்னர் வேகம், பாரிட்டி, முகவரி, வடத்தின் இரு அந்தங்களிலும் 120 ஓம் தடை.

இவ்வளவும் சீராகி மறுமொழி வந்தபின்னும், தசம எண்ணின் இரு பாதிகளையும் கருவி முன்பின்னாக அனுப்புமாயின், பாதி நிரம்பிய தாங்கியின் மட்டம் திருகோணமலைச் சுவாமிமலையினும் உயர்ந்ததாகத் திரையில் தோன்றக்கூடும். பெட்டிக்காரர் கருவிக்காரரையும், கருவிக்காரர் வடம் இழுத்தவரையும் நோக்குவர். அறிக்கையிலே காரணம் உப்புக்காற்று என்று எழுதப்படும், அது ஆட்சேபிக்காது என்பதனால்.